அத்திபெலேயில் இடப்பக்கம் திரும்பும் சாலை

உங்களில் பலருடைய பிள்ளைகள் இப்போது அந்தச் சாலையோரத்தில்தான் ஃப்ளாட் வாங்கியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பேரன் பேத்திகளைப் பார்க்கப் போகும்போது தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்று நின்று போய், "இதெல்லாம் ஒரு ரோடா?" என்று சலித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்கும் அந்தச் சாலையோடு ஒரு வழக்கு இருக்கிறது. அது குழிகளைப் பற்றியதல்ல. ஐம்பது வருடத்துக்கும் மேலாக அந்தச் சாலையின் மேல் எனக்குப் பொறாமை.

முதலில் சாலையைச் சொல்லிவிடுகிறேன். தெற்கே ஆனேக்கலில் தொடங்கி அத்திபெலே, சர்ஜாபுரா, வர்த்தூர், ஒயிட்ஃபீல்டு, விஜயபுரா என்று பெங்களூரின் கிழக்கு விலாவைத் தொட்டும் தொடாமலும் ஏறி, வடக்கே சித்லகட்டாவில் முடியும் மாநில நெடுஞ்சாலை. நெடுஞ்சாலை என்ற பெயர் பின்னால் வந்தது. அதற்கு முன் அது சந்தைக்குச் சந்தை போன வண்டித்தடம். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு கிழமையில் சந்தை. வியாபாரிகள் கிழமை பார்த்து நகர்ந்துகொண்டே இருப்பார்கள். வடக்கு முனையில் பட்டு நூல் எடுப்பார்கள், தெற்கு முனையில் பட்டு நெய்வார்கள். நடுவில் சர்ஜாபுரா, ஒரு காலத்தில் மெல்லிய பருத்தித் துணிக்குப் பேர்போன ஊர். ஆக நூலும் துணியும் நடந்து நடந்து உண்டாக்கிய பாதை என்று சொல்லலாம். இதற்கு எந்த வருடம் எண் கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்னும் உறுதிப்படவில்லை. பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உறுதியில்லாத தேதியை எழுத என் கை வராது. விட்டுவிடுகிறேன்.

எனக்கு உறுதியாகத் தெரிந்த காலம் ஒன்று உண்டு. நான் ஏழாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த கோடை, ஈஸ்டர் கழிந்த மறு வாரம்.

அப்போது நாங்கள் பெங்களூர் மர்பி டவுனில் இருந்தோம். அப்பா பஸ் டிரைவர். அவருக்கு அந்த வருடங்களில் நைட் ஹால்ட் டியூட்டி. நம் வயதுக்காரர்களுக்கு அது தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. சாயங்காலம் மார்க்கெட்டிலிருந்து கிளம்பும் கடைசி பஸ் கிராமத்துக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸிலேயே படுத்துக்கொண்டு, விடிந்ததும் அதே பஸ்ஸை முதல் டிரிப்பாக எடுத்து வருவார்கள். அப்பாவின் பஸ் ஓசூர் ரோட்டில் அத்திபெலே வரை போய், தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டாமல் இடப்பக்கம் திரும்பும். பிதரகுப்பேயைத் தாண்டி, சர்ஜாபுராவுக்கு முன்னால் ஓர் ஊரில் நிற்கும். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகிறவள் இன்றும் அங்கே கடை வைத்திருக்கிறாள்.

வீட்டில் அப்பா பேசமாட்டார். கோபக்காரர் இல்லை, குடிப்பதில்லை, கையோங்கியதே இல்லை. பேசமாட்டார், அவ்வளவுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலையில் வருவார், குளிப்பார், படுப்பார். எழுந்ததும் என்னைப் பார்த்து "படிச்சியா?" என்று கேட்பார். "படிச்சேன்ப்பா" என்பேன். அத்தோடு முடிந்தது. "இவளும் அவரை மாதிரியே ஊமைக்கோட்டான்" என்று சித்தி என்னைச் சொல்லுவாள். அம்மாவின் தங்கை. பக்கத்துத் தெருவில் இருந்தாள், பகலெல்லாம் எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

சந்தேகத்தைக் கிளப்பியதும் அவள்தான்.

"ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாமா வெளிய தங்குறாரு. நீ கட்டிக் குடுத்த சப்பாத்தி அப்படியே திரும்பி வருது. அப்போ சோறு யாருக்கா போடுறா?"

"ஊர்க்காரங்க யாராச்சும் குடுப்பாங்க" என்றாள் அம்மா.

"சும்மா குடுப்பாங்களா? சரி, சோறு போவட்டும். உன் கல்யாண பெட்ஷீட்டு எங்க?"

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள். நீலக் கட்டம் போட்ட கெட்டிப் போர்வை அது. காணாமல்போய்ச் சில மாதங்களாயிருந்தன. கொடியிலிருந்து யாரோ எடுத்துப்போய்விட்டார்கள் என்று தெருவே நம்பியிருந்தது.

"பஸ்ல படுக்கிறவருக்குத்தான் ஏற்கெனவே ஒரு கம்பளி குடுத்து விட்டிருக்க" என்றாள் சித்தி. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் அம்மாவைத் தின்றது.

அந்தச் சமயம் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து தணிந்திருந்தது. அதையே சாக்காக வைத்து என்னை அனுப்பினார்கள். "லீவுதானே, இந்த வாரம் கூடப் போகட்டும். மாத்திரையாவது ஞாபகப்படுத்துவா" என்றாள் அம்மா. "பஸ்ல உக்காந்து என்ன பண்ணுவா?" என்றார் அப்பா. ஆனால் மறுக்கவில்லை. வாசலில் சித்தி என் ரிப்பனை இறுக்கிக் கட்டியபடி காதருகில் சொன்னாள்: "சோறு யார் வூட்ல சாப்புடுறாருன்னு பாரு. பெட்ஷீட்டு எங்க கிடக்குதுன்னு பாரு. வேற எதையும் பாக்க வேணாம்."

வேறொன்றையும் பார்க்கும்படி ஆகிவிட்டது.

ஓசூர் ரோடு முழுக்க அப்பா எங்கள் வீட்டு அப்பாவாகவே ஓட்டினார். நான் அவருக்குப் பின்னால் லேடீஸ் சீட்டில் இருந்தேன். அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது. அத்திபெலேயில் பாதி பஸ் காலியானது. ஓசூர் போகிறவர்கள் இறங்கி அந்தப் பக்கத்து பஸ்ஸுக்கு ஓடினார்கள். டீ, வெல்லம், டீசல், கனகாம்பரம் எல்லாம் கலந்த ஒரு வாசனை. அந்த வாசனையை இன்றைக்கும் என்னால் பிரித்துப் பிரித்துச் சொல்ல முடியும்.

அங்கே டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்துகொண்டு என் வயதுப் பெண் ஒருத்தி ஏறினாள். கையில் காலிப் பூக்கூடை. அப்பாவின் முழங்காலைத் தாண்டி, கியர் கம்பியைச் சுற்றிக்கொண்டு, எஞ்சின் பானட்டின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்தக் கால பஸ்களில் எஞ்சின் டிரைவருக்குப் பக்கத்திலேயே இருக்கும். பானட் தோசைக்கல் மாதிரிக் கொதிக்கும். அவளுக்குச் சுடவில்லை. அவளுக்குக் கீழே எங்கள் நீலக் கட்டம் போட்ட போர்வை நான்காக மடித்துப் போடப்பட்டிருந்தது.

"என்ன மேஸ்திரி, இன்னைக்குப் பூ வித்துதா, இல்ல ஆட்டுக்குப் போட்டியா?" என்றார் அப்பா. கன்னடத்தில். சிரித்துக்கொண்டே.

"வித்தது மாவா. நீதான் லேட்டு. வழியில தூங்கிட்டியா?"

மாவா என்றால் கன்னடத்தில் மாமா. பஸ் இடப்பக்கம் திரும்பியது. அப்பா வாய் திறந்தார், ஊர் வந்து சேரும்வரை மூடவில்லை. எதிரே வந்த லாரியிடம் பேசினார். சாலையைக் கடந்த எருமையிடம், "அம்மா, உங்க சொந்த ரோடா?" என்று மரியாதையாகக் கேட்டார். பிதரகுப்பேயில் ஏறிய ஒரு கிழவரைப் போலவே இருமிக் காட்ட, அந்தக் கிழவரே சிரித்தார். தமிழில் அளந்து அளந்து பேசும் மனிதர், தொழிலில் கற்றுக்கொண்ட கன்னடத்தில் கொட்டினார்.

அவர்களுக்குள் ஓர் ஆட்டம் இருந்தது. அடுத்த ஸ்டாப்பில் ஏறுகிறவர் கையில் என்ன இருக்கும் என்று இருவரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

"கோழி" என்றார் அப்பா.

"கோழி நேத்தே போயிடுச்சு. இன்னைக்குப் பலாப்பழம்."

மங்கலான வெளிச்சத்தில் பலாப்பழத்தைத் தோளில் சுமந்த ஓர் ஆள் கை காட்டினார். அவள் பானட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். அப்பா ஹாரனை ஒரு முறை அழுத்தினார். தோற்றவர் ஹாரன் அடிக்க வேண்டும் என்பது விதி.

கண்டக்டர் டிக்கெட் கொடுத்து முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "ஏன் குரு, இது உன் பொண்ணா? வாயே தொறக்க மாட்டேங்குதே. உன்ன மாதிரி இல்லவே இல்லையே!" என்றார் அப்பாவிடம். குரு என்பது அங்கே சிநேகிதரைக் கூப்பிடும் வழக்கு.

பொறாமை என்றால் வயிறு எரியும் என்பார்கள். எனக்குக் காது எரிந்தது. காதைப் பொத்திக்கொள்ளவும் மனம் வரவில்லை. அவர் பேசுவதைக் கேட்க எனக்கு வேறு இடம் ஏது?

ஊரில் சாப்பாட்டுக்கு முறை இருந்தது. ஒரு நாள் ஒரு வீடு. முறைக்காரர் வீட்டில் ராகிக் களி உருட்டி, அவரைக்காய்ச் சாறு ஊற்றி வைத்திருப்பார்கள். நான் தங்கிய வீட்டுப் பெண்மணி விளக்கினாள்: "முன்ன எல்லாம் பூவ தலைல தூக்கிக்கிட்டு இருட்டுலயே அத்திபெலேக்கு நடப்போம். இந்த ஹால்ட் பஸ் வந்ததுக்கு அப்புறம்தான் உக்காந்து போறோம். டிரைவர் வயிறு காஞ்சா வேற ரூட்டு கேட்டுப் போயிடுவாரு. நாளைக்கே ஹால்ட்டையும் தூக்கிட்டா?" இது அன்பா வியாபாரமா என்று அப்போது எனக்குப் புரியவில்லை. களி சூடாக இருந்தது.

விடிந்ததும் அந்தப் பூக்காரப் பெண்தான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுவருவாள். அது அவளுடைய வேலை என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவள் தண்ணீர் ஊற்றாமல் அப்பா வண்டியைக் கிளப்பமாட்டார். "மேஸ்திரி உத்தரவு குடுத்தாச்சா?" என்பார். அவள் கொடியசைப்பதுபோலத் தாவணி முனையை அசைப்பாள். பூக்கூடைகளும் பால் கேன்களும் ஏறும். எனக்கு அப்பா வைத்த பட்டப்பெயர் எதுவும் இல்லை. என் பெயரையே அவர் அதிகம் சொன்னதில்லை.

அந்த வாரத்தின் கடைசி டிரிப்பில் நானும் ஆட்டத்தில் சேர்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை. பிதரகுப்பே தாண்டியதும் பின்னாலிருந்து, "குடை" என்றேன், கன்னடத்தில்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த ஸ்டாப்பில் ஓர் அம்மாள் முறத்தில் பட்டுக்கூடுகளோடு ஏறினாள். அந்தப் பெண் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. அப்பா என்னிடம் தமிழுக்கு மாறிச் சொன்னார்: "உனக்கு இந்த ரோடு தெரியாதும்மா."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் நான் பிற்பாடு வாங்கிய வரைபடங்கள், நூலகங்களில் புரட்டிய பழைய கெசட்டியர்கள், ஓய்வுக்குப் பிறகு ஆனேக்கலிலிருந்து சித்லகட்டா வரை பஸ் மாறி மாறிப் போன பயணங்கள் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் சொல்லிக்கொண்டிருக்கும் பதில். இன்று அந்தச் சாலையை என்னைவிட அறிந்தவர் குறைவு. அதைச் சொல்ல வேண்டியவரிடம் சொல்ல முடியாது.

வீடு திரும்பியதும் விசாரணை. அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சித்தி கேட்டாள், நான் உள்ளது உள்ளபடி சொன்னேன்.

"சோறு யார் வூட்ல?"

"ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்ல."

சித்தி அம்மாவைப் பார்த்தாள். "அடக் கடவுளே! ஒண்ணு இல்லையாக்கா!"

"வாய மூடு. பெட்ஷீட்டு?" என்றாள் அம்மா.

"பானட் மேல. ஒரு பொண்ணு உக்கார்றா அதுல."

"பொண்ணா? எவ்ளோ பெரிய பொண்ணு?"

"என் வயசு."

சித்தி என் தோளிலிருந்து கையை எடுத்தாள். "உன்ன மாதிரியே இருப்பாளா?"

"இல்ல. அவ நல்லாப் பேசுவா. அப்பா அவளோட சிரிச்சிச் சிரிச்சிப் பேசுறாரு."

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த உண்மைகளை வைத்து அவர்கள் ஒரு மகளைச் செய்துவிட்டார்கள். அத்திபெலேக்கு அப்பால் அப்பாவுக்கு இன்னொரு குடும்பம், அதில் என் வயதில் ஒரு பெண். அப்படியானால் அம்மாவின் கல்யாணத்துக்கு முந்தியதா பிந்தியதா என்று சித்தி விரல் மடக்க ஆரம்பித்தாள். அம்மா அழவில்லை. அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டப் போனவள் வெகுநேரம் முற்றத்திலேயே நின்றாள்.

அப்பா எழுந்து வந்ததும் நேராகவே கேட்டாள். "அந்தப் பொண்ணு யாரு?"

"எந்தப் பொண்ணு?"

"என் பெட்ஷீட்டு மேல உக்கார்ற பொண்ணு."

அப்பாவுக்குப் புரிய நேரம் பிடித்தது. பிறகு, "பூ விக்கிற பொண்ணு. பானட் சுடும், அதுக்குப் போட்டேன்" என்றார்.

"ஊர்ல சாக்கே இல்லையா?"

அம்மா நின்றுகொண்டே இருந்தாள். அவர் என்னைப் பார்த்தார். கோபப் பார்வை இல்லை, யாரோ ஒரு பிரயாணியைப் பார்ப்பதுபோல. பிறகு தட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, "சரி. சிட்டி ரூட்டு கேட்டு எழுதிக் குடுக்குறேன்" என்றார்.

அவர் ஏன் வாதாடவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். வாதாடியிருந்தால் அந்த ஆட்டத்தைச் சொல்லியிருக்க வேண்டும், எருமையைச் சொல்லியிருக்க வேண்டும், தனக்கு அங்கே நன்றாக இருந்தது என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இன்னொரு பெண்டாட்டி என்ற பழியைவிட அது அம்மாவுக்கு லேசாக இருந்திருக்குமா? எனக்குத் தெரியாது. சித்தி தான் அக்காள் குடும்பத்தைக் காப்பாற்றியதாகவே கடைசிவரை நம்பினாள்.

பள்ளி திறப்பதற்குள் அப்பாவுக்கு சிவாஜிநகர், மார்க்கெட் ரூட் கிடைத்தது. போர்வையும் திரும்பி வந்தது. டீசல் நாற்றம் எத்தனை வெளுப்புக்கும் போகவில்லை. அம்மா அதைக் கிழித்து அடுப்படித் துணியாக்கினாள்.

என்னைக் கேட்டால், அந்தக் கோடையில் வீட்டிலேயே சந்தோஷப்பட்டவள் நான்தான். இனி அப்பா தினமும் சாயங்காலம் வருவார். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது இனி எனக்கு. அவர் வரும் நேரத்துக்கு முகம் கழுவி, பொட்டு வைத்து, பள்ளியில் நடந்த வேடிக்கைகளை வரிசைப்படுத்தி வைத்திருப்பேன். வந்தார். செருப்பைக் கழற்றினார். "படிச்சியா?" என்றார்.

ஒருநாள் துணிந்து கன்னடத்தில் கேட்டேன்: "மாவா, இன்னைக்கு பஸ்ல என்ன ஏறிச்சு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம் அந்தச் சிரிப்பு வரும்போல இருந்தது. "ஜனங்க" என்றார் தமிழில், பேப்பரை எடுத்துக்கொண்டார்.

நாங்கள் அவரை வீட்டுக்கு வரவழைத்தோம். அந்தச் சாலை அவரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஓய்வு பெற்றும் பேசவில்லை, படுக்கையில் கிடந்தபோதும் பேசவில்லை. அவர் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன.

போன தை மாதம் அந்தச் சாலை பற்றிய என் குறிப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். ஹால்ட் பஸ் எப்போது நின்றது என்பது மட்டும் தெரியவில்லை. ஊரில் யாரையாவது கேட்க வேண்டும் என்று கிளம்பினேன். உங்களிடம் மறைப்பானேன், நான் போனது தேதிக்காக இல்லை. அவளிடம் இருந்ததைக் கேட்கப் போனேன். இத்தனை வருடம் அப்பா பேசியதெல்லாம் அவளிடம்தானே சேர்ந்திருக்கிறது. அவள் வாயிலிருந்தாவது அப்பாவின் பேச்சைக் கேட்டுவிட வேண்டும்.

சாலையை அகலப்படுத்தியதில் பஸ் நின்ற அரசமரம் இல்லை. பூந்தோட்டங்கள் இருந்த இடத்தில் கோடவுன்களும், சுவர் வைத்த லேஅவுட்களும். டீக்கடையில் அவள் பெயரைச் சொல்லி விசாரித்ததும் கை காட்டிவிட்டார்கள். டைல்ஸ், சிமெண்ட், கம்பிக் கடை. கல்லாவில் கண்ணாடி போட்ட, வாட்டசாட்டமான ஒரு பெண்மணி. சிரிப்பை வைத்து அடையாளம் தெரிந்தது.

"பன்னி, கூத்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று, உட்காரச் சொல்லி நாற்காலியைத் தள்ளினாள். நான் தமிழ் என்று தெரிந்ததும் அத்திபெலே வியாபாரத் தமிழுக்கு மாறினாள். "ஹால்ட் பஸ்ஸா? என் கல்யாணத்துக்கு அப்புறமும் வந்துச்சு மேடம். பிரைவேட் வேன் எல்லாம் ஓட ஆரம்பிச்சதும் நின்னு போச்சு. வருஷம் எல்லாம் யாருக்கு ஞாபகம்?"

"அதை ஓட்டின ஒரு டிரைவர். உங்களை மேஸ்திரின்னு கூப்பிடுவார்."

"எல்லாரும் ஏதாச்சும் பேரு வெச்சிக் கூப்புடுவாங்க. எந்த டிரைவரு? பெரிய மீசை வெச்சிருப்பாரே, அவரா?"

"மீசை கிடையாது. உயரமா, தமிழ்க்காரர்."

"அப்போ தமிழ்க்காரங்கதான் நிறைய பேரு வருவாங்க மேடம்."

நான் ஆட்டத்தைச் சொன்னேன். கோழி, பலாப்பழம், ஹாரன். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள். "அப்புடி எல்லாம் ஆடினோமா? சூப்பரா இருக்குதே! எனக்கு பானட் சுட்டது மட்டும்தான் ஞாபகம். ஒரு சாக்கு போட்டு வெச்சிருப்பாங்க."

"அவர் என் அப்பா" என்றேன்.

அவள் முகம் மாறியது. உண்மையாகவே சங்கடப்பட்டாள். "ஐயோ, சாரி அக்கா. நல்லவராத்தான் இருந்திருப்பாரு." கொஞ்சம் யோசித்தாள், எனக்காக எதையாவது தேடிப்பார்த்தாள் என்றே நினைக்கிறேன். கிடைக்கவில்லை. "எங்க வீட்லயும் எல்லாரும் பேசுறவங்கதான் அக்கா. எங்க அப்பா இருக்காரே, ராத்திரி தூக்கத்துலயும் பேசுவாரு. இதுல யார் என்ன பேசினாங்கன்னு தனியா எப்புடி ஞாபகம் இருக்கும்?"

அதற்குள் ஓர் இளம் தம்பதி பாத்ரூம் டைல்ஸ் பார்க்க வந்தார்கள். அவள் எழுந்து போய், கன்னடத்தில் ஒன்று, இந்தியில் ஒன்று, தெலுங்கில் ஒன்று என்று பேசி அவர்களைச் சிரிக்க வைத்தாள்.

எனக்குப் போகும்போது இருந்த பொறாமை திரும்பும்போது அதிகமாகத்தான் இருந்தது. அவளுக்குத் தாராளமாகக் கிடைத்திருக்கிறது, மறந்துவிட்டாள். அப்பா என்னிடம் பேசியது முழுவதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மொத்தமே அவ்வளவுதான்.